எண்ணெயின் இனிப்பு

சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் நாகூர் தர்கா நிற்கிறது. அதற்குச் சற்று அப்பால், அத்தரும் பன்னீரும் நாட்டு மருந்துச் சரக்கும் ஒரே பலகையில் அடுக்கி விற்கும் சிறு கடையொன்றில் சில திங்களுக்கு முன் நாம் நின்றுகொண்டிருந்தோம். அக்கரையிலிருந்து படகேறி வந்த மூதாட்டியார் ஒருவர் பலகையிலிருந்த சிறு போத்தல் ஒன்றை எடுத்து வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது நீரைப்போல் தெளிந்தும் தேனைப்போல் தடித்தும் அசைந்தது.

"ஏன் தம்பி, இந்தக் கிளிசரின் மாட்டுக் கொழுப்பிலே எடுத்ததா, மரத்து எண்ணெயிலே எடுத்ததா?"

"மரத்து எண்ணெய்தாம்மா, செம்பனை. அந்தக் கரையிலே, பிறையிலேயே செய்யறாங்க. எங்க ஆளுங்களும் இதைக் கேட்டுத்தான் வாங்குவாங்க."

"செம்பனையா! அப்போ நான் மருந்தடிச்ச மரந்தான்" என்று சிரித்தவாறே அம்மையார் காசை எண்ணி வைத்தார். எண்ணிய விரல்களில் இரண்டின் நகங்கள் கறுத்துத் தேய்ந்து கிடந்தன. சேலைத் தலைப்பில் போத்தலை முடிந்துகொண்டு அவர் போய்விட்டார்.

அவர் கேட்ட கேள்வி சிறியது. கடைக்காரர் சொன்ன விடையும் சிறியதே. ஆயினும் அவ்விரண்டிற்கும் இடையே ஒரு நீண்ட வரலாறு கிடக்கிறது. சுவீடன் தேசத்து மருந்துக்கடை ஒன்றில் தொடங்கி, லண்டன் மாநகரத்து மெழுகுவர்த்திச் சாலையில் வளர்ந்து, போர்க்களத்திற்குப் போய் மீண்டு, நம்மவர் வாழ்ந்த தோட்டத்து லயங்களின் வழியாகவே இப்பலகைக்கு வந்து சேர்ந்த பொருள் இது. அதனை எழுதுவதற்குச் சூலியா தெருவைக் காட்டிலும் தக்க இடம் வேறில்லை.

ஏனெனில், இத்தெரு பினாங்கின் தொடக்கத்தோடு பிறந்தது. 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். பாக்குமரத்தின் பெயரைத் தாங்கிய தீவு இது. பினாங் என்னும் மலாய்ச் சொல் பாக்கையே குறிக்கும். லைட் துரை வகுத்த நகரின் முதல் தெருக்களில் ஒன்று மலபார் தெரு எனப்பட்டுப் பின்னர்ச் சூலியா தெரு ஆயிற்று. சூலியர் என்று அக்காலத்தார் அழைத்தது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களை. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய துறைகளின் மக்கள் அவர்கள். பினாங்கிற்கு ஆங்கிலேயர் வருமுன்னரே கடாரத்தில் குடியேறி வாணிகம் செய்துவந்தவரும் அவருள் உண்டு. 1801-ஆம் ஆண்டு எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அவர்தம் தலைவராயிருந்த காதர் முகைதீன் என்பாரின் பதவிப் பெயரால் இன்றும் வழங்குகிறது.

லைட் துரை 1794-ஆம் ஆண்டில் கம்பெனியாருக்கு எழுதிய குறிப்பொன்று உண்டு. சூலியர் ஏறத்தாழ ஆயிரவர் இங்கே குடியிருக்கின்றனர். சிலர் குடும்பத்தோடு இருக்கின்றனர். எல்லோரும் கடைக்காரரும் கூலிக்காரருமே. சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 பேர் முதல் 2,000 பேர் வரை கொண்டுவந்து இறக்குகின்றன. அவர்கள் வியாபாரத்தாலும் பலவகை வேலையாலும் சில வெள்ளிகளை ஈட்டிக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். அவரிடத்திற்கு வேறு சிலர் வந்துவிடுகின்றனர். அக்குறிப்பின் கருத்து இவ்வளவே. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கோருகிறோம்.

அக்கப்பல்களில் வந்தோர் துணிமூட்டையோடு எண்ணெய்ப் பழக்கத்தையும் கொண்டுவந்தனர். தமிழனுக்கு எண்ணெய் என்பது எள்ளின் நெய். அச்சொல் நாளடைவில் தன் பிறப்பை மறந்து, தேங்காயின் நெய்யையும் ஆமணக்கின் நெய்யையும் எண்ணெய் என்று ஏற்றுக்கொண்டது. பின்னொரு காலத்தில் மண்ணின் அடியிலிருந்து வந்த நெய்யையும் விட்டுவைக்காமல் மண்ணெண்ணெய் ஆக்கிவிட்டது! செக்கில் ஆட்டியதைத் தலைக்கும் உடலுக்கும் பூசி, அரப்போ சீயக்காயோ தேய்த்துக் குளிப்பது வாரத்திற்கொரு முறையேனும் தவறாத வழக்கம். தோட்டங்களில் அவ்வழக்கம் வேறு காரணத்தாலும் நிலைத்தது. விடியுமுன் ரப்பர்க் காட்டில் இறங்கிப் பாலெடுத்தும், பால் உறைய வைக்கும் திராவகத்தில் கைவைத்தும் உழைத்தவரின் உள்ளங்கை பனைமட்டை போலாகும். குதிகாலில் பித்தவெடிப்புக் காணும். இரவில் விளக்கடியில் அமர்ந்து தேங்காயெண்ணெயைச் சூடாக்கி ஒருவர் காலில் ஒருவர் தடவிவிடுவது லயத்தில் வளர்ந்தோர் எவரும் கண்ட காட்சியே.

எண்ணெய் தோலுக்குச் செய்வது யாது? நம் தோலின் மேற்படை உயிரற்ற மெல்லிய செதில்களால் ஆனது. அதில் ஓரளவு நீர் இருக்கும்வரை அது வளையும், மெத்தென்றிருக்கும். நீர் காற்றில் போய்விட்டால் அது வறண்டு வெடிக்கும். எண்ணெயைப் பூசினால் அது மேலே பரவிக் கதவை அடைத்துவிடுகிறது. உள்ளிருக்கும் நீர் வெளியே போகாது. ஆனால் நீர் இல்லாத தோலுக்கு அது நீரைக் கொண்டுவந்து தாராது. நாம் எழுதவந்த கிளிசரின் அவ்வேலையையே செய்கிறது. மழைக்காலத்தில் பானையில் வைத்த வெல்லம் கசிந்து ஒழுகுவதைப் பெண்மக்கள் அறிவர். காற்றிலுள்ள ஈரத்தை வெல்லம் தன்பால் இழுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். கிளிசரினும் வெல்லத்தின் தூரத்து உறவினன்; அதனினும் வல்லமையாக நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் கதவடைக்கும் காவலன் என்றால், கிளிசரின் தண்ணீர்க்குடம் சுமந்து வரும் பெண் எனலாம். வியப்பு யாதெனில், இவ்விருவரும் ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள்.

அதனைக் கண்டவர் சுவீடன் தேசத்து கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்னும் மருந்துக் கடைக்காரர். 1779-ஆம் ஆண்டு அவர் ஒலிவ எண்ணெயை ஈயச் சுண்ணத்தோடு சேர்த்துக் காய்ச்சினார். நம் சித்த வைத்தியர்கள் மிருதாரசிங்கி என்று புண்ணுக்குரிய களிம்புகளில் சேர்த்த அதே சரக்குத்தான். எண்ணெயோடு மிருதாரசிங்கியைக் காய்ச்சிக் களிம்பு இறக்குவது நம் நாட்டாரும் மேல்நாட்டாரும் நெடுநாளாகச் செய்துவந்த காரியமே. களிம்பை எடுத்துக்கொண்டு, அடியில் தங்கிய நீரை எல்லோரும் கொட்டிவிட்டனர். ஷீலே அந்நீரைச் சுண்டக் காய்ச்சி நாவில் வைத்துப் பார்த்தார். அது இனித்தது! கையில் அகப்பட்ட எதனையும் சுவைத்துப் பார்க்கும் தீய பழக்கம் அவருக்கு இருந்தது. அப்பழக்கமே அவர் ஆயுளைக் குறைத்தது என்பாரும் உளர். எதுவாயினும், எண்ணெயின் இனிப்பு என்று அவர் பெயரிட்ட அப்பொருளே கிளிசரின்.

கையருகே கிடந்ததை ஆயிரம் ஆண்டு கொட்டிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. இன்னதற்கு இன்னது என்று முன்னோர் வகுத்துவிட்டபின் எஞ்சியதை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் வைத்தியச் சுவடிகளிலும் அவ்வாறு கொட்டப்பட்டவை எத்தனையோ.

ஷீலே 1786-ஆம் ஆண்டு மே மாதம், நாற்பத்து மூன்றே வயதில் இறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 11-இல் பினாங்கில் கொடியேறியது. இருபது நாள் கழித்து, ஆகஸ்டு 31-இல், பிரான்ஸ் தேசத்து ஆஞ்சே நகரில் மிஷேல் ஷெவ்ரல் பிறந்தார். ஷீலே விட்ட நூலை எடுத்து முடித்தவர் இவரே. ஜாதகம் பார்ப்பவர் கையில் இத்தேதிகள் கிடைத்தால் என்ன கதை கட்டுவாரோ அறியோம். நமக்கு இவை நினைவில் வைப்பதற்கு எளிய தேதிகள், அவ்வளவே. ஷெவ்ரல் 1889 வரை, நூற்றிரண்டு ஆண்டு வாழ்ந்தார். கொழுப்பு என்பது யாது என்று உலகிற்கு முதலில் விளக்கியவர் அவர். கிளிசரின் என்னும் பெயரும் அவர் இட்டதே. இனிப்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை எடுத்தார்.

அவர் விளக்கியதை இவ்வாறு கூறலாம். ஒரு முளையில் மூன்று மாடுகள் கட்டியிருப்பதாக எண்ணுங்கள். முளை கிளிசரின், மாடுகள் கொழுப்பமிலங்கள். தேங்காயெண்ணெயாயினும், செம்பனை எண்ணெயாயினும், ஆட்டுக் கொழுப்பாயினும், பன்றிக் கொழுப்பாயினும் முளை ஒன்றே. மாடுகள்தாம் நெட்டையும் குட்டையுமாக வேறுபடும். சோப்புக் காய்ச்சுவோர் காரத்தை ஊற்றும்போது மூன்று கயிறுகளும் அறுந்து, மாடுகள் காரத்தோடு சேர்ந்து சோப்பாகின்றன. முளை தனியே நீரில் மிதக்கிறது.

முளை ஒன்றே என்பது மூதாட்டியாரின் கேள்விக்கு நேர்விடை. மாட்டுக் கொழுப்பிலிருந்து பிரித்துத் தூய்மை செய்த கிளிசரினையும் செம்பனையிலிருந்து பிரித்ததையும் அருகருகே வைத்தால், எந்த ரசாயன நிபுணரும் பொருளின் அமைப்பைக்கொண்டு இது இன்னது என்று வேறுபடுத்த இயலாது. கிளிசரினுக்கு ஜாதியும் இல்லை, மதமும் இல்லை. ஆயினும் தான் பூசுவது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. முஸ்லிமுக்கு ஒரு காரணம் இருக்கலாம், சைவருக்கு ஒன்று இருக்கலாம். எதுவும் இல்லாதவருக்கு அறியும் ஆவலே காரணமாகலாம். அக்கேள்வி எழுந்ததனாலேயே தாவரக் கிளிசரின் என்று போத்தலின்மேல் எழுதும் வழக்கம் வந்தது. கேட்கத் தெரிந்த வாடிக்கைக்காரர் நல்லவரே. எந்த மரம் என்பதோடு நில்லாமல், அம்மரத்தின் அடியில் யார் நின்றார் என்றும் கேட்டால் இன்னும் நன்று. அதற்கு வருவோம்.

ஷெவ்ரலின் ஆராய்ச்சியால் முதலில் பயன்பெற்றோர் மெழுகுவர்த்தி செய்வோர். அக்காலத்து ஏழையின் விளக்கு விலங்குக் கொழுப்பு வர்த்தி, புகையும் நாறும். முளையை அகற்றிவிட்டு, கெட்டியான கொழுப்பமிலத்தை மட்டும் வர்த்தியாக வார்த்தால் அது வெண்மையாக, புகையின்றி எரியும். லண்டனில் 1830-ஆம் ஆண்டில் தோன்றிய பிரைஸ் மெழுகுவர்த்திக் கம்பெனி இத்தொழிலில் முதன்மை பெற்றது. தேங்காயெண்ணெயிலிருந்து வர்த்தி செய்யும் பொருட்டு அது இலங்கையில் 1,000 ஏக்கர் தென்னந்தோட்டம் வாங்கியது. பின்னர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த செம்பனை எண்ணெயைக் கைக்கொண்டது. 1854-ஆம் ஆண்டில் அக்கம்பெனியின் ஜார்ஜ் வில்சன், மிகுந்த சூட்டில் நீராவியைச் செலுத்திச் செம்பனை எண்ணெயைப் பிளந்து, கிளிசரினைத் தனியே வாலை வடிக்கும் முறையைக் கண்டார். அதற்குமுன் கிடைத்த கிளிசரினில் ஈயம் கலந்திருக்கும். புண்ணில் பூசினால் எரியும். வில்சனின் கிளிசரினே உடலில் துணிந்து பூசத்தக்க தூய கிளிசரின். ஆகவே மருந்துக் கடைகளில் புகழ்பெற்ற முதல் கிளிசரினே செம்பனை மரத்துக் கிளிசரின்தான் என்பதை நம் கடைக்காரத் தம்பி அறிந்திருக்க மாட்டார்.

அவ்வெண்ணெய் வந்த வழியையும் ஒரு சொல் சொல்லவேண்டும். ஆப்பிரிக்காவின் போனி, கலபார் முதலிய துறைகள் முன்பு மனிதரை விலைக்கு ஏற்றிய துறைகள். 1807-இல் ஆங்கிலேயர் அவ்வணிகத்தைச் சட்டத்தால் நிறுத்தியபின், அதே லிவர்பூல் வணிகர் பலர் அதே துறைகளுக்குப் போய் எண்ணெய் ஏற்றினர். அடிமை வணிகத்தை ஒழிக்கும் நல்வணிகம் இது என்று விளம்பரமும் செய்தனர். ஆனால் உள்நாட்டில் அப்பழத்தைச் சுமந்தோரிலும் பிழிந்தோரிலும் அடிமைகள் பலர் இருந்தனர். கப்பலில் ஏறாதவரை அடிமை கண்ணுக்குத் தெரிவதில்லை போலும்!

போரைப் பற்றி நெடிது கூறப்போவதில்லை. 1847-இல் இத்தாலியரான சொப்ரேரோ கிளிசரினோடு அமிலங்களைச் சேர்த்து நைட்ரோ கிளிசரின் என்னும் வெடிபொருளைக் கண்டார். ஆல்பிரட் நோபெல் 1867-இல் அதனை மண்ணில் ஊறவைத்து டைனமைட் ஆக்கினார். அதற்கு மூன்றாண்டு முன்னரே அவ்வாராய்ச்சியில் நேர்ந்த வெடிவிபத்தில் தம் இளைய சகோதரரை இழந்திருந்தார். 1914-இல் மூண்ட பெரும்போரில் சோப்புக் காய்ச்சுவோர் வீட்டுக் கழிவுநீர் குண்டுக்கு மருந்தாயிற்று. கொழுப்புக் கிடைக்காத ஜெர்மானியர் சர்க்கரையைப் புளிக்கவைத்துக் கிளிசரின் செய்தனர். அதே நைட்ரோ கிளிசரின் நெஞ்சுவலிக்காரரின் நாவின்கீழ் வைக்கும் மருந்தாகவும் பயன்படுகிறது; முதுமையில் நோபெலுக்கே வைத்தியர்கள் அதனை எழுதிக்கொடுத்தனர். மென்மை செய்வதும் பிளப்பதும் உயிர்காப்பதும் ஒரே பொருள். நம் சினிமாக்காரர் கண்ணில் இட்டுக்கொண்டு அழுவதும் அதுவே. பொய்யழுகைக்குக் கிளிசரின் அழுகை என்று தமிழில் பெயர் விழுந்துவிட்டதே, வேறெந்த ரசாயனப் பொருளுக்கு இப்பேறு கிட்டியது?

நிற்க. செம்பனை மரம் நம் தேசத்திற்கு வந்த கதைக்கு வருவோம்.

1848-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவின் போகோர் தோட்டத்திற்கு நான்கே நான்கு கன்றுகள் வந்தன. அவற்றின் வழிவந்த மரங்கள் சுமத்திராவின் டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களில் பாதையோரத்து அழகுக்காக நடப்பட்டன. அறுபது ஆண்டுக்காலம் அவை துரைமார் மாளிகைக்கு நிழல் தந்ததே அன்றி வேறு பயன் தரவில்லை. 1911-ஆம் ஆண்டளவில் ஹாலே என்னும் பெல்ஜியர் சுமத்திராவில் அதனைத் தொழிலுக்காகப் பயிரிட்டார். அவரிடம் விதை பெற்ற பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகொனியே, 1917-இல் சிலாங்கூரில் மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆப்பிரிக்கப் பனைக்குத் தென்னைமரத்தின் பெயர், அதுவும் தமிழில்! அங்கே காடு வெட்டியோர் யார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஃபோகொனியே மலாயாவைப் பற்றி எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கொன்கூர்ப் பரிசு பெற்றது.

அந்நாளில் ரப்பரே அரசன். செம்பனையின் காலம் 1960-களில் வந்தது. ரப்பர் விலை சரிய, தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டன. மலேசியா உலகிலேயே மிகுதியாகச் செம்பனை எண்ணெய் செய்யும் தேசமாயிற்று. பின்னர்தான் இந்தோனேசியா அதனை மிஞ்சியது. பால்வாளி தூக்கியோர் வாங்கரிவாளும் நீண்ட கழியும் ஏந்தினர்.

இம்மரத்தில் ஒரு குறை இருந்தது. பெண்பூக்கள் நன்றாகக் காய்ப்பதில்லை. ஆகையால் ஆண்பூவின் மகரந்தத்தைத் திரட்டி, முகமாவில் கலந்து, ஒவ்வொரு பெண்பூவின்மேலும் கையாலேயே ஊதவேண்டியிருந்தது. மரம் மரமாக அதைச் செய்தோரில் பெரும்பாலோர் பெண்கள். தாயகமான ஆப்பிரிக்காவில் இவ்வேலையை யார் செய்கிறார்? சையது என்னும் பூச்சியியல் அறிஞர் அதனை ஆராய்ந்து, கேமரூன் நாட்டுக் கூன்வண்டு ஒன்றே செய்கிறது என்று கண்டார். யூனிலீவர் தோட்டங்களின் தலைவராயிருந்த லெஸ்லி டேவிட்சன் அவ்வாராய்ச்சிக்கு ஊக்கமளித்தார். பல சோதனைகளுக்குப்பின் 1981-ஆம் ஆண்டு ஜொகூரின் குளுவாங் தோட்டத்தில் அவ்வண்டு விடப்பட்டது. சில திங்களில் அது தேசமெங்கும் பரவியது, காய்ப்பும் மிகுந்தது. விஞ்ஞானத்தின் வெற்றிகளில் இஃது ஒன்று என்பதில் ஐயமில்லை. வண்டு கூலி கேட்பதில்லை என்பதும் உண்மை. பூ ஊதிய பெண்களுக்கு உதிரிப்பழம் பொறுக்குதலும், உரம் போடுதலும், மருந்தடித்தலும் எஞ்சின.

அக்குலைகள் தோட்டத்து ஆலையில் ஆவியில் வெந்து பிழியப்படுகின்றன. சதையிலிருந்து செந்நிற எண்ணெயும், கொட்டையை உடைத்துப் பருப்பிலிருந்து வேறோர் எண்ணெயும் வருகின்றன. பருப்பெண்ணெய் குணத்தில் தேங்காயெண்ணெயின் தங்கை. அதிலிருந்தே கிளிசரின் சற்று மிகுதியாகக் கிடைக்கும். 1980-களில் எண்ணெயை அப்படியே ஏற்றுமதி செய்வதோடு நில்லாமல் அதனைப் பிளந்து விற்கும் ஆலைகள் மலேசியாவில் பெருகின. பினாங்குத் தீவுக்கு நேர் எதிரே, பிறையின் தொழிற்பேட்டையில் அத்தகைய ஆலைகள் எழுந்தன. உயர்ந்த கோபுரத்தினுள் எண்ணெய் கீழிருந்து மேலும், நீர் மேலிருந்து கீழுமாகச் செல்கின்றன. ஏறத்தாழ 250 பாகைச் சூட்டிலும் பெரும் அழுத்தத்திலும் நீரே காரத்தின் வேலையைச் செய்து கயிறுகளை அறுத்துவிடுகிறது. மேலே கொழுப்பமிலம், கீழே கிளிசரின் கரைந்த நீர். அந்நீருக்கு ஆலைக்காரர் இன்றும் வழங்கும் பெயர் இனிப்பு நீர். ஷீலேயின் நாக்கு இன்னும் அங்கே வேலை செய்கிறது! அவ்வினிப்பு நீரைச் சுண்டக் காய்ச்சி, வாலை வடித்து, கரியில் செலுத்தி நிறம் நீக்கினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் தூய்மையான கிளிசரின் கிடைக்கும். நூறு பங்கு எண்ணெயில் பத்துப் பங்களவே அது. பற்பசை, முகப்பூச்சு, இருமல் மருந்து, மிட்டாய் என்று எங்கும் நுழைந்துவிடும் பொருள். செம்பனை எண்ணெயிலிருந்து மோட்டார் எரிபொருள் செய்யத் தொடங்கியபின், அதிலும் கிளிசரின் மிச்சப்பட்டு அதன் விலை சரிந்த காலங்களும் உண்டு.

விலை ஏறும்போது வேறோர் ஆபத்து உண்டு. டை எதிலீன் கிளைக்கால் என்னும் மலிவான நச்சுப் பொருள் பார்வைக்குக் கிளிசரினே, சுவையிலும் இனிக்கும். பேராசைக்காரர் அதனைக் கிளிசரினோடு கலந்தோ, அதன் பெயராலோ விற்றதால் நேர்ந்த சாவுகள் பல. பம்பாய் ஜே. ஜே. ஆஸ்பத்திரியில் 1986-ஆம் ஆண்டு, மூளையின் வீக்கத்தைத் தணிக்கக் கொடுத்த கிளிசரினில் இந்நஞ்சு கலந்திருந்ததால் 14 நோயாளிகள் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். ஹைத்தி நாட்டில் 1995, 1996-ஆம் ஆண்டுகளில் காய்ச்சல் மருந்தில் புகுந்து எண்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது. 2006-இல் பனாமாவிலும் இருமல் மருந்தில் அதே கொடுமை. பீப்பாயின்மேல் ஒட்டிய சீட்டை நம்பி, உள்ளிருப்பதைச் சோதிக்காமல் விட்டதே ஒவ்வொரு முறையும் நிகழ்ந்தது. சோதனை கடினமானதன்று, செய்தாரில்லை. ஆகையால் பீப்பாயைத் திறந்து சிறு போத்தல்களில் ஊற்றிச் சீட்டின்றி விற்கும் கிளிசரினை வாயில் வைக்கும் எதற்கும் வாங்கலாகாது. குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்கு வெங்காரத்தைக் கிளிசரினில் குழைத்துத் தடவும் பழைய வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும்; வெங்காரம் குழந்தைக்கு ஆகாது என்று வைத்தியர்கள் கண்டுவிட்டனர்.

தோலில் பூசுவோருக்கும் ஒரு சொல். தனிக் கிளிசரினை வறண்ட காற்றில் பூசினால், அது காற்றில் நீர் கிடைக்காமல் தோலின் உட்புறத்து நீரையே மேலே இழுத்துவிடும். பூசியவர் கை முன்னிலும் வறளும். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு மூன்று பங்கு நீரோ பன்னீரோ கலந்து, குளித்த ஈரம் உலராமுன் பூசி, அதன்மேல் சிறிது தேங்காயெண்ணெய் தடவினால், ஒன்று நீரைக் கொணர மற்றது கதவை அடைக்கும். பாட்டிமார் பழக்கமும் பிறையின் ஆலையும் இவ்வாறு ஒத்துப்போகும். தோலும் தன் கொழுப்பைச் சிதைத்துத் தனக்கு வேண்டிய கிளிசரினைச் சிறிது தானே செய்துகொள்கிறது. நாம் பூசுவது அதற்குத் துணையே.

இனி அந்நகங்களைப் பற்றி.

செம்பனையின் அடியில் களை வளர்ந்தால் உதிர்ந்த பழம் தெரியாது, உரமும் வீணாகும். களையைக் கொல்ல 1960-கள் முதல் தோட்டங்களில் தெளித்துவந்த மருந்துகளுள் பெயர் பெற்றது பாராக்குவாட். கிராமக்சோன் என்றால் தோட்டத்தார் அறிவர். ஒரு வாய் உள்ளே சென்றால் நுரையீரல் பழுதாகும்; மாற்று மருந்து கிடையாது. அதனை நீரில் கலந்து, முதுகில் பம்பைச் சுமந்து, நாள்தோறும் தெளித்தோரில் பெரும்பகுதியினர் தமிழ்ப் பெண்கள். பம்பு ஒழுகும், காற்று திரும்பி அடிக்கும், வெப்பத்தில் முகமூடி மூச்சைத் திணற வைக்கும். கையுறை கொடுத்த இடங்களிலும் அது கிழிந்தபின் வேறு கிடைப்பது அரிது. 2002-ஆம் ஆண்டு தெனகாநித்தா என்னும் மலேசிய மகளிர் அமைப்பு, பூச்சிமருந்து எதிர்ப்புக் கூட்டமைப்போடு சேர்ந்து தோட்டப் பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. மூக்கில் இரத்தம் வடிதல், கண்ணெரிச்சல், தோல் வெடிப்பு, நகம் நிறம்மாறிக் கழன்று விழுதல் ஆகியவை அதில் பதிவாயின. அவ்வாண்டே அரசாங்கம் பாராக்குவாட்டை விலக்குவதாக அறிவித்தது. தோட்ட முதலாளிகள் செலவு மிகும் என்று முறையிட்டனர். 2006-இல் விலக்குத் தளர்த்தப்பட்டது. மருந்து மீண்டும் பம்பில் ஏறியது. 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில்தான் மலேசியா அதனை முற்றாகத் தடை செய்தது. முதல் அறிவிப்பிற்கும் முடிந்த தடைக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கழிந்தன. உலகத்துப் பெண்களின் கையை மெத்தென்று வைக்கும் பொருள் புறப்பட்ட நிலத்தில், நம் பெண்களின் கை அப்பதினேழு ஆண்டும் வெடித்துக்கொண்டிருந்தது.

கடையில் நாம் கண்ட அம்மையார் எத்தனை ஆண்டு பம்பு சுமந்தார் என்று கேட்க நமக்கு நா எழவில்லை. அவர் போன்றோர் பலர் தோட்டம் துண்டாடி விற்கப்பட்டபோது லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டனர். அவர் பிள்ளைகள் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலை பார்க்கின்றனர்.

மரங்கள் அங்கேயே நிற்கின்றன. குலை வெட்டுவோரும் மருந்தடிப்போரும் இப்பொழுது பெரும்பாலும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். சில ஆண்டுகள் உழைத்துச் சில வெள்ளிகளை ஈட்டிக்கொண்டு அவர்கள் ஊர் திரும்புகின்றனர். அவரிடத்திற்கு வேறு சிலர் வந்துவிடுகின்றனர்.